இடுப்பு 34 என்றால், எந்த இடுப்பு?

சென்ற இதழில் பாவாடைக்கு அளவு எடுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதியை வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: ரெடிமேடு துணியில் போட்டிருக்கும் எண் எதைச் சொல்கிறது? திருப்பூர் கம்பெனிகளில் 26 வருஷம் வேலை பார்த்தவள் நான். கை மடிக்கிற ஹெல்பராகச் சேர்ந்தேன், அப்புறம் செக்கிங், கடைசிப் பன்னிரண்டு வருஷம் மெஷர்மென்ட் மேசை. இப்போது அவிநாசியில் தையல் வகுப்பு எடுக்கிறேன். இந்த இதழை முழுக்க அளவுக் கேள்விகளுக்கே வைத்துக்கொள்கிறேன்.

ஆன்லைனில் பேன்ட் வாங்கினேன் அக்கா. இடுப்பு 34 அங்குலம் என்றால் எல், 38 என்றால் எக்ஸ்எக்ஸ்எல் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். டேப்பில் அளந்தேன், எனக்கு 38. எக்ஸ்எக்ஸ்எல் வந்தது, இடுப்பிலேயே நிற்கவில்லை. திருப்பி அனுப்பி எக்ஸ்எல் வாங்கினேன், அதுவும் பெரிது. நான் அளந்தது தப்பா, அட்டவணை தப்பா? – வாசகி, தஞ்சாவூர்

இரண்டுமே தப்பில்லை. நீங்கள் அளந்த இடம் வேறு, அட்டவணை கேட்ட இடம் வேறு. பாவாடை நாடா கட்டும் இடத்தில்தானே டேப்பைச் சுற்றினீர்கள்? என் வகுப்புக்கு வரும் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் அங்கேதான் சுற்றுவார்கள்.

நம் பேச்சில் இடுப்பு என்கிற ஒரு சொல் பல இடங்களைக் குறிக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள் என்றால் அது இடுப்பெலும்பு. இடுப்பு வலி என்றால் அது முதுகின் அடிப்பக்கம். இடுப்பு சிறுத்த பெண் என்றால் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே உடம்பு ஒடுங்கும் இடம். அந்த ஒடுங்கும் இடத்துக்கு இடை என்று தனிச்சொல்லே இருந்தது. துடி என்றால் உடுக்கை. துடியிடை என்று சொல்லும்போது உடுக்கையின் நடுவில் குறுகும் இடம்தான் கண்ணில் நிற்கிறது. பேச்சில் இடை போய்விட்டது, எல்லாவற்றுக்கும் இடுப்பே மிஞ்சியது. வெளிநாட்டு அட்டவணையில் வெயிஸ்ட் என்று எழுதியிருப்பது இந்த இடையை. அதைத் தமிழில் இடுப்பு என்று போட்டுவிடுகிறார்கள், நாமும் நாடா கட்டும் இடத்தில் அளந்து எழுதிவிடுகிறோம்.

இடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நேராக நின்று ஒரு பக்கமாகச் சாயுங்கள். பக்கவாட்டில் எங்கே மடிப்பு விழுகிறதோ அதுதான் இடை. அங்கே ஒரு விரல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கவேண்டாம், மூச்சையும் பிடிக்கவேண்டாம். உங்களுக்கு அங்கே 34 பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் எல் உங்களுக்குச் சரி.

அடுத்து, பின்பக்கம் அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தில் ஒரு சுற்று. நம் டெய்லர்கள் இதை சீட் என்பார்கள், அட்டவணையில் ஹிப் என்று இருக்கும். இதைத் தமிழாக்கும்போதும் இடுப்பு என்றே போட்டுவிடுவது உண்டு. ஒரே அட்டவணையில் இரண்டு இடுப்பு இருந்தால் பெரிய எண் உள்ளது சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைக்கு ஒரு சைஸும் சீட்டுக்கு வேறு சைஸும் வந்தால், பேன்டுக்கு சீட்டின் சைஸை எடுங்கள். இடையில் பிடித்துத் தைக்க எந்த டெய்லராலும் முடியும். சீட்டில் துணி போதாவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மார்பு, இடை, சீட், தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை உள் கால். இந்த நான்கையும் செ.மீ.யில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். நான் அங்கே போகப்போகிறேன் என்று குளிர் கோட் வாங்கி வைக்க அளவு கேட்டாள். என் ஜாக்கெட் அளவு 40, அதையே சொன்னேன். 40 என்று போட்ட கோட்டுதான் வாங்கியிருக்கிறாள். போய்ப் போட்டுப் பார்த்தால் பட்டனே எட்டவில்லை. – ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

உங்கள் 40 அங்குலக் கணக்கு. அவர்கள் 40 வேறு கணக்கு. எண் ஒன்றாக இருப்பதால்தான் இந்தச் சிக்கல் இத்தனை பேருக்கு வருகிறது.

ஜெர்மன் பெண்கள் சைஸ் எப்படி வருகிறது என்றால், மார்புச் சுற்றளவை செ.மீ.யில் எடுத்து, பாதியாக்கி, அதில் 6 கழிப்பார்கள். உங்கள் 40 அங்குலம் 101.6 செ.மீ. பாதி 50.8. ஆறு போனால் 44.8. ஆக உங்கள் சைஸ் 44-க்கும் 46-க்கும் நடுவில். கோட்டு என்பதால் 46 வாங்கச் சொல்லுங்கள். மகள் வாங்கிய 40 என்பது 92 செ.மீ. மார்புக்கானது, நம் கணக்கில் 36 அங்குல ஜாக்கெட் போடுகிறவருக்கு.

அவளோடு பிரான்ஸ், இத்தாலி என்று சுற்றிப் பார்க்கப் போவீர்களானால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் 38-ஐ பிரான்ஸில் 40 என்பார்கள், இத்தாலியில் 44, இங்கிலாந்தில் 12, அமெரிக்காவில் 8. ஐந்தும் ஏறக்குறைய ஒரே உடம்பு. இந்த வரிசையை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். எந்த நாட்டு ஆர்டர் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பீஸைத் தொடுவேன்.

ஆண்கள் கோட்டுக்கு ஐரோப்பாவில் கணக்கு சுலபம். மார்பு செ.மீ.யில் பாதி, கழித்தல் கிடையாது. 100 செ.மீ. மார்பு என்றால் 50. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோட்டு எண் மார்பின் அங்குலம். அதோடு 10 கூட்டினால் ஐரோப்பிய எண் வந்துவிடும். 38-க்கு 48, 40-க்கு 50, 42-க்கு 52. உங்கள் வீட்டுக்காரருக்கும் கோட்டு வாங்குவதானால் இது உதவும்.

இன்னொன்று, இந்த எண்களெல்லாம் உடம்பின் அளவு. கை அசைக்க வேண்டிய தளர்ச்சியைக் கட்டிங்கிலேயே விட்டிருப்பார்கள். அதற்காக நீங்கள் தனியாக இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லவேண்டாம்.

என்னிடம் மூன்று ஜீன்ஸ் இருக்கின்றன. ஒன்றில் 32, ஒன்றில் 34, ஒன்றில் 36. மூன்றும் சரியாக இருக்கின்றன. என் உண்மையான இடுப்பு எது? எங்கள் ஊர் டெய்லர் கால் உயரம் 40 என்று எழுதுகிறார், ஜீன்ஸில் 30 என்று இருக்கிறது. அதுவும் புரியவில்லை. – கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, மூன்றையும் எடுத்துப் பட்டன் போட்டு மேசையில் பரப்புங்கள். முன்பட்டியும் பின்பட்டியும் ஒன்றன் மேல் ஒன்று நேராக நிற்கட்டும். இழுக்காமல் ஓரத்திலிருந்து ஓரம் அளந்து இரண்டால் பெருக்குங்கள். மூன்றும் உடம்பில் ஒரே இடத்தில் உட்காருகிறவை என்றால் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் வரும். துணிக்கு அதுதான் அளவு. லேபிளில் இருப்பது கம்பெனி வைத்த பெயர்.

பெயர் ஏன் மாறுகிறது என்றால், முதல் காரணம் பேன்ட் உட்காரும் இடம். இடைக்கு ஏறும் பேன்டும் இடுப்பெலும்பில் நிற்கும் பேன்டும் ஒரே ஆளுக்கு ஒரே சுற்றளவில் இருக்க முடியாது. கீழே நிற்பதன் வாய் அகலமாகத்தான் இருக்கவேண்டும். அதற்கும் 32 என்றே லேபிள் போடும் கம்பெனிகள் உண்டு, உள்ளபடி 35 என்று போடுவதும் உண்டு.

இரண்டாவது காரணம் எனக்குப் பிடிக்காத ஒன்று. வாங்குகிறவர் மனசு குளிரட்டும் என்று எண்ணைக் குறைத்துப் போடுவது. 2010-ல் எஸ்குவயர் என்கிற அமெரிக்க இதழ் 36 என்று லேபிள் போட்ட பேன்ட்களைப் பல பிராண்டுகளில் வாங்கி டேப் வைத்து அளந்தது. மிகச் சிறியது 37, மிகப் பெரியது 41. முப்பத்தாறு அங்குலம் என்று போட்டதில் ஒன்றுகூட முப்பத்தாறு இல்லை. அங்குலம் என்று சொல்லிவிட்டால் அது அங்குலமாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு செ.மீ. தப்பினால் பீஸைத் தள்ளி வைத்த மேசையில் நின்றவள் நான், இதை என்னால் சகிக்க முடிவதில்லை.

மூன்றாவது, சின்னக் காரணம். தைக்கும்போது கொஞ்சம் கூடக்குறைய வருவதை, ஆர்டர் கொடுக்கும் எல்லா பையரும் அனுமதிப்பார்கள், டாலரன்ஸ் என்போம். இடுப்பில் ஒரு செ.மீ. கூடலாம், ஒரு செ.மீ. குறையலாம் என்று அவர்கள் கொடுக்கும் அளவு ஷீட்டில் இருந்தால், ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு பீஸுக்குள் இரண்டு செ.மீ. வித்தியாசம் வந்தும் இரண்டும் பாஸ். ஜீன்ஸ் எங்கள் திருப்பூர்ச் சரக்கு கிடையாது, பல்லாரிப் பக்கம் அதற்குப் பேர் போனது. ஆனால் தைத்த பிறகு வாஷிங் போடுவதால் ஜீன்ஸில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

உயரம் விஷயத்தில் உங்கள் டெய்லரும் சரி, ஜீன்ஸும் சரி. டெய்லர் வெளிப்பக்கமாக, பட்டியிலிருந்து கணுக்கால் வரை அளக்கிறார். ஜீன்ஸ் லேபிளில் இரண்டாவதாக இருக்கும் எண் உள் கால். பட்டிக்கும் தொடை இடுக்குக்கும் நடுவில் உள்ள சுமார் பத்து அங்குலம்தான் அந்த வித்தியாசம்.

நல்ல ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. 2022-ல் வந்த சட்டமுறை எடையளவு விதித் திருத்தத்தின்படி, கடையில் பிரித்து விற்கும் ரெடிமேடு துணிகளில் எஸ், எம், எல் என்று போட்டால் கூடவே செ.மீ. அளவையும் போடவேண்டும். அடுத்த முறை எழுத்தை விட்டுவிட்டு அந்த செ.மீ.யைத் தேடிப் படியுங்கள்.

சட்டையில் 39, 40, 42 என்று இருக்கிறதே, அது மார்பா? எனக்கு மார்பு 39 அங்குலம், 39 வாங்கினால் கழுத்து இறுக்குகிறது. – வாசகர், திருநெல்வேலி

ஃபார்மல் சட்டை என்றால் அது பெரும்பாலும் காலரின் செ.மீ. 39 செ.மீ. என்பது 15½ அங்குலக் கழுத்து, 42 என்பது 16½. கழுத்து எலும்புக்குச் சற்று மேலே, ஒரு விரல் உள்ளே விட்டு அளந்து பாருங்கள். கேஷுவல் சட்டையில் 40, 42 என்று இருந்தால் அது மார்பின் அங்குலமாகவும் இருக்கலாம், லேபிளில் செ.மீ.யா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பனியனில் 85, 90, 95 என்று இருப்பது மார்பின் செ.மீ., அதில் மட்டும் நம் ஊரில் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

என் கணவர் 15 வருஷமாக 34 சைஸ் பேன்ட்தான் போடுகிறார். ஆஸ்பத்திரியில் டேப் வைத்து அளந்து வயிறு 98 செ.மீ. என்று எழுதிக் கொடுத்தார்கள். 34 அங்குலம் 86 செ.மீ.தானே, அவர்கள் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று சொல்கிறார். யாரை நம்புவது? – வாசகி, மதுரை

ஆஸ்பத்திரியை நம்புங்கள் அம்மா. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயிறு முன்னால் வர வர ஆண்கள் பேன்டைக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். பெல்ட் தொப்பைக்கு அடியில் போய்விடும். அங்கே சுற்றளவு அதிகம் மாறுவதில்லை, அதனால் 34 அப்படியே நிற்கிறது. மேலே வளர்ந்ததை அந்தப் பேன்ட் தொடவே இல்லை. லேபிள் எண்ணும் உள்ளபடி பெரிதாக இருக்கலாம் என்று மேலே சேலம் தம்பிக்குச் சொன்னதையும் படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் அளப்பது விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நட்டநடுவில். நின்றபடி, இயல்பாக மூச்சு விட்ட பிறகு, டேப் தரைக்குச் சமமாக இருக்கவேண்டும். நம்மைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனிக்கவேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்திருக்கும் எல்லை. ஐரோப்பிய ஆண்களுக்கு அவர்கள் 94 வைத்திருக்கிறார்கள். நமக்கு எல்லை கீழே இருப்பதற்குக் காரணம், குறைந்த சுற்றளவிலேயே நம்மவர்களுக்குச் சர்க்கரையும் இதயக் கோளாறும் வந்துவிடுவதுதான். 98 என்று வந்தால் என்னென்ன பரிசோதனை செய்யவேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். என் வேலை டேப் வரைக்கும்தான். வீட்டில் ஒரு டேப் வாங்கி, நான் சொன்ன இடத்தில் நீங்களே ஒரு முறை அளந்து அவர் கண்ணில் காட்டுங்கள். உங்களுக்கும் அளந்துகொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பேன்ட் சைஸைக் கேட்டே வருஷங்களை ஓட்டினோம், சர்க்கரை இருப்பது தெரிய ரொம்ப நாளாகிவிட்டது. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

போன வருஷம் எல் போட்டேன். தீபாவளிக்கு ஒரு பெரிய கடையில் 3எக்ஸ்எல்தான் ஏறியது. "உங்க சைஸ் இங்க வராது, அந்தப் பக்கம் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். எடை போட்டுப் பார்த்தால் இரண்டு கிலோகூடக் கூடவில்லை. அன்றிலிருந்து ராத்திரி சாப்பிடுவதை விட்டுவிட்டேன். – 19 வயது வாசகி, ஈரோடு

கண்ணு, முதலில் இன்று ராத்திரி சாப்பிடு. அப்புறம் மீதியைப் படி.

அந்த எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், சொல்கிறேன். ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர் யார் என்று நினைக்கிறதோ, அந்த ஒரு உடம்பை எடுத்து அதற்கு எம் என்று பெயர் வைக்கும். பேட்டர்ன் மாஸ்டர் அதிலிருந்து மேலே நாலு செ.மீ., ஐந்து செ.மீ. என்று ஏற்றிக்கொண்டு போவார், கீழே இறக்குவார். அவ்வளவுதான். ஒரு வாரம் என் மேசையில் ஜப்பான் ஆர்டரும் அமெரிக்க ஆர்டரும் சேர்ந்து ஓடின. இரண்டும் ஆண்கள் டி-ஷர்ட், இரண்டும் எம். அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே, பரப்பி வைத்து அளந்தால் ஜப்பான் எம் 49 செ.மீ., அமெரிக்க எம் 54. அதாவது சுற்றளவில் பத்து செ.மீ. வித்தியாசம். அமெரிக்க எஸ்ஸை எடுத்து வைத்தால் அது ஜப்பான் எம்மைவிடப் பெரிதாக இருந்தது. ஒரே ஆள் இரண்டு பீஸையும் போட்டுப் பார்த்தால் ஒன்றில் ஒல்லி, இன்னொன்றில் குண்டு. அந்த ஆள் மாறவில்லை.

அமெரிக்காவில் இதை ஒழுங்குபடுத்த அரசாங்கமே முயன்றது. 1939, 40-ல் விவசாயத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். ஆனால் கணக்கில் சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். அதை வைத்து 1958-ல் ஒரு தர அட்டவணை வந்தது. அதில் 8-ஆம் சைஸின் இடை 23½ அங்குலம். கம்பெனிகள் அதை மெல்ல மெல்லக் கைவிட்டன, 1983-ல் அரசாங்கமும் திரும்பப் பெற்றது. இன்று அதே 8 பல பிராண்டுகளில் 28, 29 அங்குலம். எண் நகரவில்லை, அதற்குள் இருக்கும் அளவு ஐந்து அங்குலம் நகர்ந்துவிட்டது.

நமக்கோ இத்தனை காலம் நம்முடையது என்று ஓர் அட்டவணையே இல்லை. அமெரிக்க, ஐரோப்பிய அட்டவணைகளைக் கொஞ்சம் தட்டிக்கொட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிஃப்ட் என்கிற ஃபேஷன் கல்வி நிறுவனம் 2018-ல் அறிவித்த இந்தியா சைஸ் திட்டத்தில், 15 வயது முதல் 65 வரை 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளப்பது என்று முடிவானது. கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று ஆறு ஊர்கள். நம் தோளும் நம் இடையும் கணக்கில் வரவேண்டும் என்று நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது இது.

எழுத்து மாறியதால் உன் உடம்பு மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. போன வருஷத்து எல் டாப்பை எடுத்துப் போட்டுப் பார். இன்னும் சரியாக இருக்கும். புதிதாக வாங்கியதைப் பக்கத்தில் பரப்பி டேப் வைத்து அள. 3எக்ஸ்எல்லும் எல்லும் எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று எனக்கு எழுது, நிச்சயம் பதில் போடுகிறேன். லேபிள் உறுத்தினால் பிரித்து எடுத்துவிடு, துணிக்கு ஒன்றும் ஆகாது. சாப்பாடு இறங்கவில்லை, அதே நினைப்பாகவே இருக்கிறது என்றால் அம்மாவிடம் சொல், டாக்டரையும் பார்.

நெதர்லாந்தில் இருக்கும் பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைக்க அளவு கேட்டேன். மருமகள் "116" என்று மட்டும் அனுப்பியிருக்கிறாள். ஆறு வயசுக் குழந்தைக்கு இது என்ன அளவு? – வாசகி, காரைக்குடி

அது பேத்தியின் உயரம் அம்மா, செ.மீ.யில். ஐரோப்பாவில் பிள்ளைகள் துணிக்கு உயரம்தான் சைஸ். 104, 110, 116, 122 என்று ஆறு ஆறாக ஏறும். வயசை வைத்து வாங்குவதைவிட இது எனக்குப் பிடித்த முறை, ஆறு வயசில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உயரம் இருப்பதில்லையே.

ஆனால் பாவாடைக்கு அது மட்டும் போதாது. குழந்தையை வெறுங்காலில் நிற்கவைத்து, பாவாடை உட்காரும் இடத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு அளவு, அதே இடத்தில் சுற்றளவு, சட்டைக்கு மார்பும் தோளும். இந்த நான்கையும் செ.மீ.யில் கேட்டு வாங்குங்கள். போனில் வீடியோ போட்டு, டேப்பை எங்கே வைக்கிறாள் என்று நீங்களே பாருங்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளை, அடிக்கடி அளவு பார்க்க முடியாது. அதனால் பாவாடையில் இரண்டு அங்குல டக், அதாவது பிறகு பிரித்துக்கொள்ளும் மடிப்பு, மூன்று பிடித்து வையுங்கள், சட்டையின் பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். டக்கைக் கைத்தையலாக ஓட்டிவிட்டால் அங்கே மெஷின் இல்லாவிட்டாலும் மருமகளே வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வாள்.